டென்ஷனைக் குறைக்கச் சொன்ன மகனுக்கு

"அன்புள்ள" என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கை நடுக்கத்தால் வரவில்லை என்று உடனே நீ நாலு பேருக்குச் சொல்லிவிடுவாய் என்பதால் முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்: கை நன்றாகத்தான் இருக்கிறது, மனசுதான் இடம் கொடுக்கவில்லை. உனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறாய். ஃபோனில் பேசினால் "ம்" என்கிறாய். நேரில் பேசினால் உன் கண் மொபைலில் இருக்கிறது. ஆகவே ஊரே படிக்கிற மாதிரி எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். நீ படிக்காவிட்டாலும் உன் ஆபீசில் எவராவது படித்துவிட்டு, "இன்னா மச்சான், உங்க அம்மா உன்ன இப்படி கிழிச்சி தொங்கவுட்டுகிறாங்க" என்று கேட்பார்கள். அப்போதாவது தேடிப் பிடித்துப் படி.

மற்றவர்களுக்கும் புரிய வேண்டும் என்பதற்காக உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்கிறேன். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு குட்டியானை வண்டியை மாமல்லபுரத்துக்கு, நம் வீட்டு வாசலுக்கு அனுப்புகிறாய். என் தையல் மெஷினை ஏற்றிக்கொண்டு போய் யாரோ தெரிந்தவர் பெண்ணுக்குக் கொடுத்துவிடப் போகிறாய். கல்யாணம் ஆனதும் என்னையும் உன் அப்பாவையும் செங்கல்பட்டில் இருக்கும் உன் ஃபிளாட்டுக்குக் கொண்டுபோய் பால்கனி ஓரத்து அறையில் வைத்துவிட்டு, இந்த வீட்டை டூரிஸ்ட்டுகளுக்கு விடப் போகிறாய். எனக்கு வயதாகிவிட்டது, தையல் கெட்டுவிட்டது என்பது நீ சொல்லும் காரணம். அதற்கு நீ காட்டும் சாட்சி ஒரே ஒரு போர்வை. அந்தச் சாட்சியைத்தான் இப்போது குறுக்கு விசாரணை செய்யப் போகிறேன். உட்கார்ந்து கேள்.

நீ காலேஜில் படித்த காலத்தில், கடற்கரைப் பக்கம் லாட்ஜில் தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் கிழிந்த போர்வையைத் தைக்கக் கொண்டுவந்தது உனக்கு நினைவிருக்காது. அன்றைக்கும் உன் கண் மொபைலில்தான் இருந்தது. மேலே துண்டு துண்டாகச் சேர்த்த பூப்போட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் ஒரே துணி. மூன்று அடுக்கையும் சேர்த்து, மெஷினிலேயே கோலம் போடுவதுபோல வளைத்து வளைத்து ஓட்டியிருந்தது. "கில்ட்" என்றாள். கிழிசலைத் தைக்கிற சாக்கில் ஒரு மூலையைப் பிரித்து, உள்ளே இருக்கிற ரகசியத்தையெல்லாம் பார்த்துவிட்டு மறுபடி மூடிக் கொடுத்தேன். ஜாக்கெட் தைத்து அலுத்துப்போயிருந்த நேரம் அது. அளவு கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் ஒரு மாதம் கழித்து வேறு உடம்போடு வந்து நின்று என்னைத் திட்டுவார்கள். போர்வைக்கு அந்தப் பேஜாரு கிடையாது. அன்றிலிருந்து போர்வைதான். "இந்த வெயில்ல எவனுக்குக்கா போர்வ வோணும்?" என்று சிரித்த எதிர்வீட்டுக் கோமதி, வீட்டில் ஏசி மாட்டிய மறுநாளே வந்து டபுள் சைஸில் ஒன்று கேட்டாள். நம் ஊரில் குளிர் என்பதே ஏசிக்காரர்கள் ஏணி வைத்து ஏறி மாட்டிவிட்டுப் போன வியாதி.

உனக்குக் கல்யாணம் நிச்சயமானதும் உங்கள் இருவருக்குமாகப் பெரிய கட்டில் அளவுக்கு ஒன்று தைக்க ஆரம்பித்தேன். சத்தமில்லாமல் தைத்து, தாலி கட்டி முடிந்ததும் கொடுக்கலாம் என்று நினைத்தேன். உன் அப்பாவுக்கு வாய் நிற்குமா? கருங்குழிக்கு ஃபோன் போட்டு சம்பந்தி அம்மாவிடம், "எங்க வூட்டு சார்புல உங்க பொண்ணுக்கு ஒரு கில்ட்டு ரெடியாயிகினு கீதும்மா" என்று பெருமை அடித்திருக்கிறார். அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல, "கில்ட்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். "ஆமாம்மா, பெருசு. அசல் ஃபாரின் மாதிரியே இருக்கும், பாக்கறவங்களுக்கு வித்தியாசமே தெரியாது" என்று இவர் அடித்து விட்டிருக்கிறார். கருங்குழியில் கில்ட்டு என்றால் ஒன்றே ஒன்றுதான், கவரிங் நகை! மாப்பிள்ளை வீட்டார் பொண்ணுக்குக் கவரிங் போட்டு ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று அந்த அம்மா அச்சரப்பாக்கத்தில் இருக்கிற அக்கா வரைக்கும் ஃபோன் போட்டு அழுது, நேரில் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சம்பந்தி வீட்டார் ஆசையாக வருகிறார்கள் என்று நினைத்து நான் அதிரசம் வேறு சுட்டுக்கொண்டிருந்தேன்.

அவர்கள் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று உட்கார்ந்தால், மேல் நூல் அறுந்துகொண்டே இருந்தது. நாலு விரல் அகலம் ஓடும், பட்டென்று அறும். மறுபடி கோத்தால் மறுபடி அறும். பக்கத்துச் சிற்பக் கூடத்தில் உளிச் சத்தம் டொக் டொக் என்று கேட்க, இங்கே நூல் பட் பட் என்று அறுந்தது. மூன்று அடுக்கு என்றால் பஞ்சு மெத்தையை ஊசி துளைத்துப் போய் வர வேண்டும், ஜாக்கெட் துணி இல்லை. மெஷின் முகத்தில் நம்பர் போட்ட ஒரு வட்டத் திருகி இருக்கிறது அல்லவா, மேல் நூலை எவ்வளவு இறுக்கிப் பிடிக்க வேண்டும் என்று சொல்வது அதுதான். அதற்குத் தையல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் டென்ஷன். உலகத்தில் எந்தத் தையல் கடைக்குப் போய்க் கேட்டாலும் அதுதான் பெயர். இது கூடவா தெரியாது என்று உனக்குத் தோன்றினால், தெரியாது என்றுதான் பதில். உனக்குத் தெரியவில்லை. அதுதான் இந்தக் கடிதமே.

உனக்கு ஃபோன் போட்டேன். கடற்கரை ஊரில் தையல் மெஷின் ரிப்பேர் பார்ப்பவர்கள் இல்லாமலா போய்விட்டார்கள்? ஆனால் பெற்ற பிள்ளை மெக்கானிக்கல் படித்திருக்கிறது, மெஷினைப் பற்றிக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது என்று ஒரு கொழுப்பு எனக்கு. நாம் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஒரு எழுத்தும் சேர்க்கவில்லை.

"டேய், மேல் நூலு அறுந்துகினே கீதுடா. டென்ஷன் ஜாஸ்தியா இருக்குமோ?"

"ம்."

"நாலுல வெச்சிகிறேன்டா."

"அம்மா, நீ மொதல்ல டென்ஷன கொற. எல்லாம் தானா சரியாயிடும்."

"எவ்ளோ கொறைக்கட்டும்?"

"எவ்ளோ முடியுமோ அவ்ளோ கொற. நான் அப்பால கூப்புடறேன்."

இந்த "அப்பால" இன்னும் வரவில்லை. அதை விடு. எவ்வளவு முடியுமோ அவ்வளவு என்றாய், திருகியை ஒன்றாம் நம்பருக்கு இறக்கினேன். மந்திரம் போட்டதுபோல அறுவது நின்றுவிட்டது. கோமதியைக் கூப்பிட்டு, "பாத்தியாடி, புள்ள ஃபோன்லயே மெஷின ரிப்பேர் பண்ணிட்டான்" என்று பெருமை பேசினேன். அவள்கூட, "படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்க்கா" என்றாள். இரண்டு பேரும் எவ்வளவு பெரிய மண்டுகள் என்று இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. மேல் பக்கம் பார்க்க அழகாக இருந்தது. அடிப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பெரிய கட்டில் போர்வையைச் சுருட்டி மெஷின் கழுத்துக்குள் நுழைத்துத் தைக்கிறவர்களுக்குத்தான் தெரியும், அதைத் திருப்புவது உறங்குகிற உன் அப்பாவைப் புரட்டிப் போடுவது மாதிரி. முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே மூச்சாக ஓட்டிவிட்டேன்.

சம்பந்தி அம்மா தம் பெண்ணோடு வந்தார்கள், நீயும் செங்கல்பட்டிலிருந்து வந்திருந்தாய். அந்த அம்மா உட்காரவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. "எங்க அந்தக் கில்ட்டு?" என்றுதான் முதல் வார்த்தை. நான் போர்வையைக் கட்டில்மேல் விரித்தேன். அந்த அம்மா போர்வையைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், தம் பெண்ணைப் பார்த்தார்கள். "இதான் கில்ட்டா?" என்றார்கள். "நான் நகன்னு நெனச்சி ரெண்டு நாளா சோறு தின்னல" என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு விட்டிருந்தால் நான் இன்றைக்கு உனக்கு எழுதியிருக்க மாட்டேன். ஆனால் சரக்கைத் திருப்பிப் பார்க்காமல் விடுகிற பரம்பரையா அது? மூலையைப் பிடித்து ஒரே சுண்டில் புரட்டினார்கள். அடியில் நூலெல்லாம் கண்ணி கண்ணியாகத் தொங்கியது. அந்த அம்மாவின் கல் மோதிரம் ஒரு கண்ணியில் மாட்டியது. கையை இழுத்தார்கள். ஒரு வரிசைத் தையல் மொத்தமும் சர்ரென்று கழன்று மோதிரத்தோடு வந்துவிட்டது.

"அய்ய! இன்னா சம்பந்தி இது? மேல கோலம், அடியில நூடுல்ஸா?"

அதற்கு நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் நீ திறந்தாய். அன்றைக்கு ஒருநாள்தான் நீ மொபைலை ஓரமாக வைத்திருந்தாய், வேறு எப்போதாவது வைத்திருக்கக் கூடாதா? "அம்மாவுக்கு இப்பல்லாம் கை நிக்கறதில்ல அத்த. கண்ணும் டல்லாயிட்ச்சி. நாங்களே பேசி வெச்சிட்டோம், கல்யாணம் முடிஞ்சதும் எங்ககூட கூட்டிகினு போயிடப் போறோம். மெஷின யாருக்கானா குடுத்துடலாம்" என்றாய். நாங்களே என்றால் யார்? நானும் இல்லை, உன் அப்பாவும் இல்லை. அவர் வாயில் அதிரசம் இருந்தது. அது இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டார் என்பது வேறு. ஐம்பது சொச்சம் வயதில் என் சொந்த வீட்டில், என் சொந்தக் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, எனக்குக் கண் டல் என்று நான் ஒரு விருந்தாளி மாதிரி தெரிந்துகொண்டேன்.

நம் குடும்பத்து ஆண்களுக்குக் காதில் என்ன கோளாறு என்று எனக்குத் தெரியாது. உன் அப்பா படகு எஞ்சின் மெக்கானிக். கரையில் நின்றபடியே, தூரத்தில் வருகிற படகின் சத்தத்தை வைத்து எந்த போல்ட் லூசு என்று சொல்லிவிடுவார். மீன் ஏலக் கூச்சலுக்கு நடுவில்கூட அவர் காதுக்கு எஞ்சின் தனியாகக் கேட்கும். நீ கைக்குழந்தையாக இருந்தபோது எனக்குக் கடும் ஜுரம். "உடம்பெல்லாம் கொதிக்குதுங்க" என்றேன். எஞ்சின் பாகம் எதையோ துடைத்துக்கொண்டே, "அடுப்ப கொறச்சி வெய்" என்றார். அப்படிப்பட்டவருக்கு வாரிசாக நீ வந்திருக்கிறாய். ஒரு வித்தியாசம் உண்டு. அவர் சொன்ன மாதிரி அடுப்பைக் குறைத்ததில் எதுவும் கெட்டுப்போகவில்லை.

ஒரு வாரம் கழித்து, நீ கட்டிக்கொள்ளப் போகிற நித்யா, திருக்கழுக்குன்றம் வழி வருகிற பஸ்ஸில் தனியாக வந்து இறங்கினாள். உனக்கும் சொல்லவில்லை, அவள் அம்மாவுக்கும் சொல்லவில்லை. சமாதானம் பேச வந்திருக்கிறாள் என்று நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அவள் வாசலிலேயே சொல்லிவிட்டாள்: "அத்த, எங்கம்மா அப்படி சிரிச்சது எனக்குப் புடிக்கல. அதுக்காக நீங்க தெச்சது நல்லாகீதுன்னு பொய் சொல்ல வரல. ஏன் இப்படி ஆச்சின்னு பாக்கணும், அவ்ளோதான்." வந்து சேரப் போவது லேசுப்பட்டதில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. மெஷினைக் காட்டினேன். திருகி ஒன்றில் இருப்பதைப் பார்த்தாள்.

"இது எப்பவும் இப்படித்தான் இருக்குமா?"

"இல்லம்மா, நாலுல இருக்கும். உன் வருங்காலம்தான் டென்ஷன கொறைக்கச் சொன்னான். ஃபோன்ல."

"எப்போ?"

"நீங்க சமையல்காரர பாக்கப் போனீங்களே, அன்னிக்கி."

அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு நின்றதும் முகம் மாறியது. "அத்த, நான் அவரு பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். ஃபோன வெச்சிட்டு என்கிட்ட இன்னா சொன்னாரு தெரியுமா? 'எங்கம்மா எப்பவும் இப்படித்தான், எதுக்கெடுத்தாலும் டென்ஷன் ஆவாங்க'ன்னாரு. இன்னா விஷயம்னு கேட்டேன். 'நூலுன்னு ஏதோ சொன்னாங்க'ன்னாரு."

இப்போது புரிகிறதா? தெருவில் எனக்கு டென்ஷன் டெய்லர் என்று ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியும். நான் கத்துவேன், ஒப்புக்கொள்கிறேன். ரேஷன் கடையில் கத்தியிருக்கிறேன், உன் ஸ்கூலில் கத்தியிருக்கிறேன், கேஸ் சிலிண்டர் தாமதமாக வந்தால் தெரு முனை வரைக்கும் கேட்கும். ஆனால் அன்றைக்கு நான் கத்தவில்லையடா. என் வாழ்க்கையிலேயே அபூர்வமாக, குரலை இறக்கி, ஒரு மெஷினைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். நான் நூலைப் பற்றிக் கேட்டேன், நீ என் குணத்துக்கு வைத்தியம் சொன்னாய். அந்த வைத்தியத்தை நான் மெஷினுக்குப் பார்த்துவிட்டேன். பிறகு நீயே வந்து, கெட்டுப்போன போர்வையைக் காட்டி, எனக்கு வயதாகிவிட்டது என்று தீர்ப்பும் எழுதிவிட்டாய். நோயை உண்டாக்கியவனே டாக்டராகவும் வந்து, கடைசியில் வீட்டையும் காலி பண்ணச் சொல்கிற அநியாயம் வேறு எங்காவது உண்டா?

சரி, மெக்கானிக்கல் படித்தவனே, உண்மையில் என்ன நடந்தது என்று தெரிந்துகொள். முதலில் நித்யா அந்த நூலைக் கையால் இழுத்துப் பார்த்தாள். ஒரு சுண்டுக்கே அறுந்தது. "அத்த, இது நூலா, சேமியாவா?" என்றாள். செங்கல்பட்டு பஜாரில் நூல்கடை பாய் தள்ளிவிட்ட கோன் அது. வருஷக்கணக்காக ஜன்னலில் வெயிலும் உப்புக் காற்றும் தின்று கிடந்ததை, வீணாக்கக் கூடாது என்று நான்தான் எடுத்து மாட்டினேன். ஊசியைக் கழற்றிப் பார்த்தால், ஜாக்கெட் தைக்கிற மெல்லிய பதினோராம் நம்பர், முனையும் மழுங்கிக் கிடந்தது. பஞ்சு அடுக்கில் அது நுழையும்போதெல்லாம் நூலை உரசிக் கொன்றிருக்கிறது. நூல் அறுந்ததற்குக் காரணம் இந்த இரண்டும்தான், டென்ஷன் இல்லவே இல்லை. நாலில் இருந்தது நாலிலேயே இருந்திருக்கலாம். நீ சொன்னபடி இறக்கியதும், பிடிப்பே இல்லாமல் மேல் நூல் தொளதொளவென்று போய் அடியில் கண்ணி கட்டிவிட்டது. அறுவது நின்றதை நான் குணமானது என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லாருக்கும் வருகிற குழப்பம் ஒன்று இதில் இருக்கிறது. கோளாறு அடியில் தெரிகிறதே என்று அடி நூலை, அது சுற்றியிருக்கிற பாபினைப் போட்டு நோண்டுவார்கள். நானும் முதலில் பாபின் பெட்டியின் குட்டித் திருகாணியைத் திருக ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டேன். நித்யா கையைப் பிடித்துக்கொண்டாள், "மொதல்ல எதையும் திருகாம பாக்கலாமே அத்த." மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் என்று போட்டு, அதே மூன்று அடுக்கில் ஒரு துண்டு வெட்டித் தைத்துப் பார்த்தோம். அடியில் தொங்கியது எல்லாம் சிவப்பு! அடியில் தெரிகிற குற்றத்தைச் செய்தது மேல் நூல். மேல் பக்கத்தில் அடி நூல் புள்ளி புள்ளியாக எட்டிப் பார்த்தால்தான் மேல் நூல் இறுக்கம் என்று அர்த்தம். இரண்டு நூலும் நடுவில், பஞ்சுக்குள்ளே, யார் கண்ணுக்கும் தெரியாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டால் அதுதான் சரியான தையல்.

பிறகு மேல் நூலை முழுக்க உருவிவிட்டு, துணியை அமுக்குகிற பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு மறுபடி கோத்தேன். பாதம் இறங்கியிருக்கும்போது கோத்தால், திருகிக்குப் பின்னால் நூலைப் பிடிக்கிற டென்ஷன் தட்டு இரண்டும் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும், நூல் உள்ளேயே போகாமல் மேலாக மிதக்கும். அப்போது ஒன்பதில் வைத்தாலும் ஒன்றுதான், ஒன்றில் வைத்தாலும் ஒன்றுதான். இது எனக்குத் தெரியாதா என்றால் தெரியும், ஆனால் அவசரத்தில் எத்தனை முறை மறந்திருக்கிறேன் என்று கடவுளுக்குத்தான் தெரியும். தட்டுக்கு நடுவில் ஒரு துணி ஓரத்தை விட்டு இழுத்தால் பஞ்சுத் தூசும், சிற்பக் கூடத்திலிருந்து வருகிற கல் மாவும் சேர்ந்து கறுப்பாக வந்தது. உன் அப்பா எட்டிப் பார்த்து, "கொஞ்சம் எஞ்சின் ஆயில் வுடட்டா?" என்றார். இரண்டு பேரும் திரும்பிப் பார்த்த பார்வையில் கடற்கரைக்குக் கிளம்பிப் போய்விட்டார். புது நூல், தடித்த பதினாறாம் நம்பர் ஊசி, திருகி நாலில். பாபின் பெட்டியை நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுக் கையை லேசாக உதறினேன், கொஞ்சம் இறங்கி நின்றது. அது போதும். தொங்கவிட்டதும் தரைக்கே ஓடினால் லூசு, உதறியும் அசையாமல் இருந்தால் இறுக்கம், அப்போது மட்டும் திருகாணியை மயிரிழை திருகினால் போதும்.

அப்படியும் ஓரத்துக்கு வரும்போது தையல் கோணியது. போர்வையின் கனம் மேசையிலிருந்து கீழே தொங்கி ஊசியை இழுத்துக்கொண்டிருந்தது. நித்யா சாப்பாட்டு மேசையைத் தள்ளிக்கொண்டுவந்து பக்கத்தில் போட்டாள், கனம் முழுவதும் அதன்மேல் உட்கார்ந்தது. திருகியை அரை நம்பர் ஏற்றினேன். துண்டைப் புரட்டிப் பார்த்தோம். மேல் எப்படியோ அடியும் அப்படியே. "நீங்களும் ஒரு தடவ திருப்பிப் பாத்திருக்கலாமே அத்த" என்றாள், விடாமல். சொல்லட்டும், அவளுக்கு அந்த உரிமை உண்டு. அவள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், நீ பார்க்காமல் சொன்னாய்.

பழைய தையல் எல்லாவற்றையும் பிரித்துவிட்டு மறுபடி முழுக்கத் தைத்து முடித்துவிட்டேன். கை நிற்காதவள், கண் டல்லானவள் தைத்தது. அடிப் பக்கத்தைப் படம் எடுத்து உன் மாமியாருக்கு அனுப்பினேன். "இப்ப பரவால்ல" என்று பதில் வந்தது. அந்த அம்மா வாயிலிருந்து அவ்வளவு வந்ததே பெரிய சர்ட்டிபிகேட். உனக்கும் அனுப்பினேன். கட்டை விரல் வந்தது.

கல்யாணத்துக்கு முன் பெற்றவர்கள் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். உனக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. நித்யா உன்னிடம் வந்து எதையாவது சொல்லும்போது, பதிலை முன்கூட்டியே வாயில் வைத்துக்கொண்டிருக்காதே. டென்ஷன் என்று அவள் சொன்னால், "எந்த டென்ஷன்?" என்று கேள். இரண்டே வார்த்தை, காசா பணமா? அதைக் கேட்டிருந்தால் ஒரு போர்வை தப்பியிருக்கும், உன் மாமியார் முன்னால் என் மானமும் தப்பியிருக்கும். நான் உன் அம்மா, கழுத்தைப் பிடித்துக் கேட்கவைப்பேன், ஊர் படிக்கிற மாதிரி எழுதுவேன். அவள் அப்படிச் செய்ய மாட்டாள். பஸ் ஏறிப் போய்விடுவாள். தனியாகப் பஸ் ஏறத் தெரிந்த பெண் அவள், நான் பார்த்தேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை விஷயத்துக்கு வருவோம். நீ பேசிய வண்டியை நிறுத்த வேண்டாம், வரட்டும். பெரிய போர்வை தைக்க இடம் போதவில்லை, சாப்பாட்டு மேசை இனி நிரந்தரமாக மெஷின் பக்கத்தில்தான். அந்த அறையில் பாதியை அடைத்துக்கொண்டிருப்பது என்ன என்று பார்த்தால் எல்லாம் உன் சாமான். நீ ஏறவே ஏறாத அந்த நடைப்பயிற்சி மெஷின், கால் உடைந்த கேரம் போர்டு, நரம்பு இல்லாத கிடார், காலேஜ் புத்தக மூட்டை, எதற்கு என்றே தெரியாத வயர்கள் ஒரு சாக்கு. எல்லாவற்றையும் வாசலில் எடுத்து வைத்தாயிற்று. உன் அப்பா கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். படகுக்காரர்கள் போடுகிற முடிச்சு, அவிழ்க்க உனக்கு அரை நாள் ஆகும். உன் பால்கனி ஓரத்து அறை காலியாகத்தானே இருக்கிறது, அங்கே வைத்துக்கொள்.

நீயும் வண்டியோடு வருவதாக இருந்தால் வா. வாசலில் நின்று கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவுக்குக் காதும் போய்விட்டது என்று உடனே யாருக்கும் ஃபோன் போடாதே. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நான் அந்த வரிசையை முடிக்கும்வரை பேசாமல் உட்கார்ந்திரு.

இன்றும் இனிமேலும் மாமல்லபுரத்திலிருந்து,
உன் அம்மா